கிணற்றடி மரம் அவளுக்கு

என் தங்கைக்கு எது கிடைத்தாலும் எனக்கு வயிறு எரியும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பண்டிகைக்கு இரண்டு பேருக்கும் ஒரே துணியில் பாவாடை தைத்தால்கூட, அவள் பாவாடையில் ஒரு மடிப்பு கூடுதலாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பேன். இருக்கும். வளருகிற பிள்ளை, அடுத்த வருஷம் பிரித்துவிடலாம் என்பார் தையற்காரர். நான் மட்டும் வளராத பிள்ளையா என்று எனக்காகக் கேட்க ஆளில்லை. தங்கை பிறந்த கொஞ்ச நாளிலேயே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். நைனா, அதாவது எங்கள் அப்பா, ரயில்வேயில் கூட்ஸ் குமாஸ்தா. அவர் டூட்டிக்குப் போய்விட்டால் வீட்டில் பெரிய மனுஷி நான்தான். அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே அவள் முடி என் முடியைவிட அடர்த்தி என்று பொருமுவேன்.

இதெல்லாம் சில்லறைப் பொறாமை. நைனாவின் மாமரங்களைத் திருப்பதியிலிருந்து சித்தூருக்குக் கொண்டுவந்தோமே, அந்த ஒன்றரை வருஷம் நான் பட்ட பொறாமைதான் பொறாமை.

அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணமாகிச் சித்தூரிலேயே குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஜில்லா கோர்ட்டில் வேலை பார்த்தார். எனக்கு இரண்டு பையன்கள். தங்கையின் புருஷன் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயிலை ஒட்டியே அவர்கள் வீடு. கல்யாணமாகி வெகு நாளாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. நைனா பென்ஷன் வாங்கிக்கொண்டு திருப்பதியில், திருச்சானூர் போகிற ரோட்டோரத்தில், தான் கட்டிய சின்ன வீட்டில் தனியாக இருந்தார். தனியாக என்று சொல்வது எங்களுக்குத்தான். அவருக்கு இரண்டு மாமரங்கள் துணை. கிணற்றடியில் ஒரு பங்கனபள்ளி, கேட்டுப் பக்கம் ஒரு நீலம். சாயங்காலம் ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் விளக்கு ஏற்றுவார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அந்த நாளில்தான் மலைக்குப் போகிற பஸ்களுக்காக ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று சர்க்காரிலிருந்து உத்தரவு வந்தது. வீடும் தோட்டமும் போகும். மழைக்காலம் முடிகிறவரை அவகாசம். செய்தி கேட்டு நானும் தங்கையும் ஒரே ரயிலில் ஓடினோம். நைனா அழவில்லை, கத்தவில்லை. "வூடு போவட்டும். செங்கல்லுதானே. மரத்த வெட்ட வுட மாட்டேன்" என்றார். அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கினு போங்க. உங்க தோட்டத்துல வைக்கலாம்" என்றார்.

அவ்வளவு பெரிய மரத்தையா என்று நான் கேட்பதற்குள் என் தங்கை, "நைனா, கெணத்தடி மரம் எனக்கு" என்றாள்.

பங்கனபள்ளி. ஊரே கேட்டு வாங்கித் தின்கிற பழம். நேராக நிமிர்ந்து நிற்கிற மரம். கேட்டு மரமோ அடியிலேயே கோணிக்கொண்டு, மாட்டுவண்டி இடித்த தழும்போடு நின்றது. பழம் நன்றாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் நைனா எந்த மரத்தடியில் அதிக நேரம் நிற்பார் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். "சின்னது கேட்டுடுச்சி. நீ கேட்டு மரத்த எடுத்துக்கோம்மா" என்றார் நைனா. சரி என்றேன். வேறு என்ன சொல்வது.

மரங்களுக்கு வழி பண்ணியாயிற்று. நைனா எங்கே போவார்? அதுதான் எனக்கு வேண்டியிருந்த பதில். அவர் என் வீட்டில் இருக்கவேண்டும். வாய்விட்டே சொன்னேன். என் வீடு பெரிது, பையன்கள் இருக்கிறார்கள், தெருப் பக்கத்து அறை காலியாக இருக்கிறது. தங்கை முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்றாலே நைனாவுக்குப் போதும். அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, "எந்த மரம் மொதல்ல வேர் புடிக்குதோ அந்த வூட்ல இருந்துக்கறேன். அதுவரிக்கும் ஒரு மாசம் இங்க, ஒரு மாசம் அங்க" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் அதைப் பத்திரம் எழுதி வாங்கியதுபோல மனசில் வைத்துக்கொண்டேன்.

வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. தங்கைக்கு ரயிலில் வந்தால் தலைசுற்றும். வெயிலில் நின்றால் மயக்கம் வரும். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை பையன்களை மாமியாரிடம் விட்டுவிட்டுத் திருப்பதிக்குப் போய் வந்தது நான். பெரிய மரத்தை ஒரே நாளில் பிடுங்கிவிட முடியாது. மாசியில் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் பாதி வட்டத்துக்கு மட்டும் பள்ளம் தோண்டி, அந்தப் பக்கத்து வேர்களை வெட்டி, சலித்த மண்ணும் மக்கிய இலையும் போட்டு மூடினோம். வெட்டிய இடத்தில் நார் நாராகச் சின்ன வேர்கள் விடவேண்டும். வைகாசியில் மீதிப் பாதி. தங்கையின் மரத்துக்கும் நான்தான் இலைமக்கைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டினேன். கொட்டும்போதெல்லாம் இது அவளுக்கு, இது அவளுக்கு என்று மனசு முணுமுணுத்தது. கூடையில் ஒரு பிடிகூடக் குறைக்கவில்லை. நைனா பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் மழை தொடங்கியதும் எடுத்தோம். கிளைகளையெல்லாம் முழங்கை முழங்கையாக விட்டு அறுத்து, அறுத்த வாயில் சாணியும் செம்மண்ணும் அப்பினார் நைனா. ஒரு இலை இல்லாமல் உருவியாயிற்று. கிழக்குப் பக்கம் எதுவென்று தெரிவதற்கு அடிமரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு. புது இடத்திலும் அந்தக் கோடு கிழக்கைப் பார்த்துத்தான் இருக்கவேண்டும் என்றார். வெயில் பட்டுப் பழகாத பட்டையில் வெயில் பட்டால் வெடித்துவிடுமாம். வேரைத் தாய்மண்ணோடு பெயர்த்து, ஈரக்கோணி சுற்றி, வைக்கோல் பிரியால் இறுக்கிக் கட்டினார்கள். மூன்று கழிகளைச் சேர்த்துக் கட்டிக் கப்பி மாட்டி மரத்தைத் தூக்கும்போது நைனா ஆட்களிடம் தெலுங்கில், "மெல்லகா, மெல்லகா" என்று கெஞ்சிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தார். கூட்ஸ் ஷெட்டில் எத்தனையோ பேரை அதட்டியவர் கெஞ்சியதை அன்றுதான் பார்த்தேன்.

பெட்ரோல் கிடைக்காத காலம், லாரிக்கு வழியில்லை. நைனா பழைய பழக்கத்தில் ஒரு திறந்த வேகன் பிடித்திருந்தார். கட்டைவண்டியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் மரங்களை வேகனில் படுக்கவைத்தோம். பாகாலா ஜங்ஷன் வந்ததும் எங்கள் வேகனைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். சித்தூர்ப் பக்கம் போகிற எஞ்சின் வருகிறவரை காத்திருக்கவேண்டும். யுத்த சாமான் ஏற்றிய வண்டிகளுக்குத்தான் முதல் வழி. நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ அன்றைக்கு மழை நின்று சுள்ளென்று வெயில் அடித்தது.

அந்த நாள் எனக்கு மறக்காது. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாயிலிருந்து நான் வாளியில் பிடித்து வர, நைனா வேகனில் நின்றுகொண்டு கோணிமேல் ஊற்றினார். பிறகு ஒரே குடையின் கீழ் இரண்டு பேரும் வேர்க்கட்டியில் சாய்ந்து உட்கார்ந்து, நான் கட்டிக் கொண்டுவந்த புளிச்சோற்றைத் தின்றோம். "நல்லா துன்னு. காலையிலருந்து நீ ஒண்ணும் துன்னல" என்று தன் பங்கிலிருந்து எனக்குத் தள்ளினார். திருப்பதியில் அவருக்குப் போட்டுவிட்டு அப்புறம்தான் நான் தின்பேன். தங்கை இல்லாமல் நானும் நைனாவுமாகச் சேர்ந்து உட்கார்ந்து தின்றது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. எஞ்சின் வராமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. "சின்னது வந்திருந்தா வெயில்ல சுருண்டு போயிருக்கும்" என்றார் நைனா. இரண்டு வாய்ச் சோறு நிம்மதியாக இறங்கவில்லை, அதற்குள் அவளைக் கொண்டுவந்து நடுவில் உட்கார வைத்துவிட்டார்.

சித்தூரில் கட்டைவண்டிக்கு மாற்றிக் கொண்டுவந்து முதலில் அவள் மரத்தை இறக்கினார்கள். வீடு கோயிலை ஒட்டி இருந்ததால் பாதிச் சபையே கூடிவிட்டது. ஐயர் வந்து ஜெபம் பண்ணினார். அவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம், எங்கள் சபைப் போதகர். ஜெபம் முடிந்ததும் என் தங்கை எல்லார் முன்னாலும், அந்த மரம் புது மண்ணில் கொடுக்கிற முதல் பலனை அறுப்புப் பண்டிகையில் ஆண்டவருக்குப் படைப்பதாக நேர்ந்துகொண்டு பொருத்தனை பண்ணினாள். அறுப்புப் பண்டிகை என்றால் விளைச்சலில் முதல் பங்கைச் சபையார் கோயிலில் கொண்டுபோய் வைக்கிற பண்டிகை. எங்கள் சபையில் அது கோடைப் போகம் அறுத்த பிறகு, மாம்பழக் காலத்தில் வரும். அவள் எதற்காகப் பொருத்தனை பண்ணினாள் என்று சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் மரம் வண்டியிலேயே கிடந்தது.

என் தோட்டத்துக்கு அது வந்து சேரும்போது பொழுது சாய்ந்து தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஜெபமும் இல்லை, கூட்டமும் இல்லை. வண்டிக்காரர்கள் அவசரப்பட்டார்கள். நானும் நைனாவும் சுண்ணாம்புக் கோட்டைக் கிழக்கே திருப்பி, மண் தள்ளி, மூன்று பக்கமும் முட்டுக்கொடுத்துக் கட்டினோம். கையும் காலும் சேறு. என் வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்று, "இது மரமா, கொட்டாய் போடற கம்பமா?" என்று கேட்டார். அவருக்கு அன்று ராத்திரி வெறும் ரசம்தான்.

பிறகு காத்திருப்பு. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. இரண்டு தோட்டத்திலும் மொட்டைக் கட்டை. தெருவில் போகிறவர்கள் மதில்மேல் எட்டிப் பார்த்து, "கோர்ட்டுக்காரரு வூட்ல கட்டய நட்டுவெச்சி தண்ணி ஊத்திக்கினு கீறாங்க" என்று பேசியது என் காதிலேயே விழுந்தது. நான் தினமும் காலையில் நகத்தால் பட்டையை ஒரு இடத்தில் லேசாகக் கீறிப் பார்ப்பேன். உள்ளே பச்சை தெரியும். அது போதும் எனக்கு. சாயங்காலம் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய், அவள் உள்ளே காப்பி போடுகிற நேரத்தில் அவள் மரத்தையும் கீறிப் பார்ப்பேன். அதிலும் பச்சை. நைனா சொன்னபடி ஒரு மாசம் இங்கே, ஒரு மாசம் அங்கே இருந்தார். அவர் தகரப்பெட்டி எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

தையில் என் மரம் முழித்துக்கொண்டது. வெட்டிய கிளை நுனியில் இரண்டு செந்துளிர், பக்கத்திலேயே நாலைந்து பூங்கொத்து. நைனா அந்த மாதம் என் வீட்டில்தான் இருந்தார். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். அவர் துளிரை மட்டும் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். அடுத்த நிமிஷம் பூங்கொத்துகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தார்.

"இன்னா நைனா, இப்பிடி பண்ற?"

"வேர் புடிக்காத மரம் பூக்கக் கூடாதும்மா. இருக்கற சத்தெல்லாம் பூவுல போயிடும். இன்னும் வரும். வர வர நீயே கிள்ளிடு. ஒண்ணுகூட வுடாத."

மறுநாள் தங்கை வீட்டிலிருந்து ஆள் வந்தது, மரம் பூத்திருக்கிறது, நைனாவை உடனே வரச் சொன்னாள் என்று. நானும் கூடப் போனேன். கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். மொட்டைக் கட்டையிலிருந்தே நேராகப் பூ கிளம்பியிருந்தது. கிளை கிளையாக, கொத்து கொத்தாக, ஒரு இலை இல்லாமல் மரம் முழுக்கப் பூ. தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. கோயிலுக்கு வந்தவர்களெல்லாம் அதிசயம் அதிசயம் என்று வாசலில் நின்று பார்த்தார்கள். என் தங்கை அந்த மரத்தடியில் ஈரத்தலையோடு நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. என் தோட்டத்தில் நைனா கிள்ளி எறிந்த பூங்கொத்துகள்தான் என் கண்ணில் வந்து நின்றன.

நைனா மரத்தைச் சுற்றி வந்தார். ஒரு கொத்தை விரலால் தூக்கிப் பார்த்தார். கிள்ளப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் கையை எடுத்துவிட்டார். "நல்லா கீதும்மா" என்று அவளிடம் சொன்னார்.

வரும் வழியில் என்னால் வாயை மூடிக்கொண்டு வர முடியவில்லை. "என் மரத்துப் பூவெல்லாம் கிள்ளிப் போட்டியே நைனா. அவ மரத்துல ஒண்ணக்கூட தொடலயே, ஏன்?" என்று கேட்டேன். நடுரோட்டில் என்று பார்க்கவில்லை.

"சின்னது அத ஆண்டவருக்குன்னு சொல்லிடுச்சி. அந்தப் பூ வேணும்னு அது எப்பிடிக் காத்துக்கினு கீதுன்னு உனக்குத் தெரியாதா. அதுல நான் எப்பிடிக் கை வெக்கறது?"

"ஐயரண்ட போய்ச் சொன்னா, அடுத்த வருஷம் படைன்னு சொல்ல மாட்டாரா?"

"சொல்லுவாரு. அவ முகத்தப் பாத்து யாரு சொல்றது?" என்றார். அந்த வார முடிவிலேயே தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். என் மாசம் முடியவில்லை. பாதி மாசம் பாக்கி இருந்தது. "அந்த மரத்துக்குத்தான் ஆள் வேணும். தண்ணி பாத்து ஊத்தணும்" என்றார். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. மரம் முழுக்கப் பூத்துவிட்டது, ஜெயித்துவிட்டாள், போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். என் மரத்தில் வந்த பூக்களை அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கிள்ளினேன். அவ்வளவு கோபமாக யாரும் பூக் கிள்ளியிருக்கமாட்டார்கள்.

வைகாசியில் அறுப்புப் பண்டிகை. நான் எல்லாரையும்போல ஒரு பூசணிக்காயும் ஒரு படி துவரையும் கொண்டுபோனேன். என் தங்கை கம்பவுண்டரோடும் நைனாவோடும் கடைசியாக வந்தாள். பித்தளைத் தாம்பாளத்தில் பங்கனபள்ளிப் பழங்கள். வழக்கமான பருமன் இல்லை. தோல் சுருங்கி, கொஞ்சம் சிறுத்து இருந்தன. அதை யார் பார்த்தார்கள்? வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்த மரம் முதல் வருஷமே காய்த்துவிட்டது என்று ஐயர் பிரசங்கத்தில் பாதியை அதற்கே செலவிட்டார். நைனா தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். பெருமையை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். படைத்த பொருள்களை ஏலம் விட்டுச் சபைக்குச் சேர்ப்பது வழக்கம். என் பூசணிக்காயை ஒரே ஆள் கேட்டு ஒரே ஆள் எடுத்துப்போனார். பங்கனபள்ளிக்கு அவ்வளவு போட்டி. அந்தப் போட்டியில் கையைத் தூக்கித் தூக்கிக் கேட்டு ஒரு பழத்தை எடுத்துவந்தது யாரென்று பார்த்தால், என் வீட்டுக்காரர். வீட்டில் வந்து அதை நறுக்கி, "உன் தங்கச்சி மரத்துப் பழம், ஒரு துண்டு துன்னு பாரு, கல்கண்டு" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் தொடவில்லை. பையன்கள் கொட்டையைக்கூட விடாமல் சப்பினார்கள். யாருக்குப் பிறந்த பிள்ளைகள் இவர்கள் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பழம் இறங்கிய பிறகு அந்த மரத்தில் இலை என்று வந்ததெல்லாம் சுருண்டுகொண்டது. ஆனி முழுக்க நைனா அதற்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார், ஓலை கட்டி நிழல் போட்டார், அடிமரத்தில் ஈரக்கோணி சுற்றினார். ஆடிக் காற்றில் பட்டை பிளந்து உரிந்தது. நான் போய் நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பழுப்பு. இன்னொரு இடத்தில் கீறினேன், அங்கேயும் பழுப்பு. வேர் பிடிக்கவே இல்லை. இருந்ததையெல்லாம் அந்த ஒரு தாம்பாளம் பழத்துக்குக் கொடுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து என் மரத்தைப் பார்த்தேன். மூன்றாவது தடவையாகத் துளிர்விட்டு, தளதளவென்று, கோணல் அடிமரம் தெரியாத அளவுக்கு இலை மூடி நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நைனா சொன்ன சொல் இருக்கிறதே. எந்த மரம் வேர் பிடிக்கிறதோ அந்த வீட்டில்.

தெருப் பக்கத்து அறைக்கு வெள்ளை அடித்தேன். கட்டிலுக்குப் புது நாடா பின்னவைத்தேன். ஜன்னலைத் திறந்தால் மரம் தெரிகிற மாதிரி கட்டிலைப் போட்டேன். பிறகு ஜட்கா வண்டியைக் கூட்டிக்கொண்டு நானே நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன், நைனாவையும் தகரப்பெட்டியையும் கொண்டுவர.

கிணற்றடி மரத்தை அன்று காலையில்தான் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அடிக்கட்டை மட்டும் நின்றது. நைனா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் தங்கை தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையைச் சாய்த்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். அவர் கை அவள் தலைமேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து, "வாக்கா, காப்பி போடறேன்" என்று உள்ளே போனாள்.

"வண்டி கொண்டாந்திருக்கேன் நைனா. ரூம்புக்கு வெள்ள அடிச்சாச்சி" என்றேன்.

அவர் வாசலில் நின்ற ஜட்காவைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீதானே சொன்ன, எந்த மரம் வேர் புடிக்குதோ அந்த வூட்லன்னு. என்னுது புடிச்சிக்கிச்சி. நீயே வந்து பாரு."

"பாக்க வேணாம்மா. தெரியும் எனக்கு" என்றார் நைனா. "உன் மரம் புடிச்சிக்கும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். இந்த மரம் பூக்கறப்பவே தெரியும் இது போயிடும்னு. நான் கிள்ளியிருக்கணும். கிள்ளல." உள்ளே பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக் காதுகொடுத்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "உனக்கு வூடு இருக்குது, பசங்க இருக்குது, இப்ப மரமும் பொழச்சிக்கிச்சி. நீ எப்பிடியும் பொழச்சிக்குவம்மா. சின்னத வுட்டுட்டு நான் எங்க வரது?"

கூடை கூடையாக இலைமக்கைச் சுமந்தது நான். பாகாலாவில் வாளி தூக்கியது நான். சொன்ன சொல் தவறாமல் பூக் கிள்ளியது நான். சாகவிட்டவளுக்கு நைனா, பிழைக்கவைத்தவளுக்கு மரம். இதையெல்லாம் அங்கேயே கத்திச் சொல்லியிருப்பேன். அதற்குள் அவள் காப்பியோடு வந்துவிட்டாள். டம்ளரை முதலில் எனக்குத்தான் நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு, வாசலில் நின்ற ஜட்காவில் ஏறி வெறும் வண்டியாகவே திரும்பினேன்.

அதற்கு அடுத்த வருஷமும் வந்த பூவைக் கிள்ளினேன். அதற்கும் அடுத்த வருஷம் நைனா விடச் சொன்னார், விட்டேன். கிளை தாழ்ந்து தரையைத் தொடுகிற அளவு காய்த்தது. நைனா வந்து மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். நல்ல மரம் என்றார். சாயங்காலத்துக்குள் போகவேண்டும், சின்னது தனியாக இருக்கும் என்றார். போகிறபோது வாசற்படியில் நின்று, "சின்னதுக்கு நாலு பழம் குடேன்" என்று கேட்டார். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். சூம்பலும் அடிபட்டதுமாகப் பொறுக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் குனிந்தேன். பிறகு, கீழே கிடந்ததையெல்லாம் விட்டுவிட்டு, மரத்திலிருந்தே பெரிதாகப் பார்த்துப் பார்த்துப் பறித்தேன். நைனாவும் அங்கேதானே தின்னப்போகிறார்.